பழைய காரின் ஃபாஸ்டேக்கைப் புதிய காருக்கு மாற்றுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

காரை மாற்றும்போது ஆர்.சி., இன்ஷூரன்ஸ், கடன் என்.ஓ.சி. என்று எல்லாவற்றுக்கும் ஓடுகிறோம். முன் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஃபாஸ்டேக் மட்டும் கடைசிவரை யார் கண்ணிலும் படுவதில்லை. வண்டி கைமாறி நான்கு நாள் கழித்து, விக்கிரவாண்டி டோல்கேட்டில் உங்கள் கணக்கிலிருந்து பணம் போனதாக எஸ்.எம்.எஸ். வரும்போதுதான் அது நினைவுக்கு வரும்.

பலரும் கேட்பது ஒரே கேள்விதான்: பழைய காரில் உள்ள ஸ்டிக்கரை உரித்துப் புதிய காரில் ஒட்டிக்கொள்ளலாமா? கூடாது. ஒட்டினாலும் வேலை செய்யாது. பழைய காரிலிருந்து புதிய காருக்கு வருவது உங்கள் வாடிக்கையாளர் கணக்கும் அதிலுள்ள பணமும்தான். ஸ்டிக்கர் பழைய காரோடு முடிந்துபோகிறது. இந்த வேலையை எந்த வரிசையில் செய்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வரிசை தப்பினால் பணம் மாட்டிக்கொள்ளும், அல்லது காரை வாங்கியவர் மாட்டிக்கொள்வார்.

ஏன் உரித்து ஒட்ட முடியாது

முதல் காரணம் ஸ்டிக்கரிலேயே இருக்கிறது. ஃபாஸ்டேக்கில் பேட்டரி கிடையாது. சின்ன சிப் ஒன்றும், அதைச் சுற்றி மெல்லிய உலோக ஆன்டெனாவும் மட்டுமே உள்ளன. டோல்கேட்டின் மேலே உள்ள ரீடர் அனுப்பும் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் அலையிலிருந்தே சக்தி எடுத்துக்கொண்டு அது பதில் சொல்கிறது. ஒருமுறை கண்ணாடியில் ஒட்டியபின் உரித்தால் ஆன்டெனா கிழிந்துபோகும்படியே இது செய்யப்பட்டிருக்கிறது. பார்வைக்கு முழுசாக வந்தது போலத் தெரியும், ரீடருக்கு மட்டும் எட்டாது.

இரண்டாவது காரணம் பதிவேட்டில் இருக்கிறது. ஒவ்வொரு டேக்கும் ஒரு பதிவெண், ஒரு சேஸிஸ் எண், ஒரு வாகன வகை ஆகியவற்றோடு பிணைக்கப்பட்டது. கார், ஜீப், வேன் எல்லாம் நான்காம் வகை. ஹேட்ச்பேக் விற்று எஸ்.யு.வி. வாங்கினாலும் வகை மாறாது, அதனால் கட்டணத்தில் வித்தியாசம் தெரியாது. ஆனால் டேக்கில் உள்ள எண்ணும் நம்பர் பிளேட்டும் வேறாக இருக்கும். கழற்றிய டேக்கை டேஷ்போர்டில் வைத்தோ கையில் பிடித்தோ காட்டுவதும் இப்போது நடக்காது. கண்ணாடியில் ஒட்டாத டேக்கைக் கண்டால் கறுப்புப் பட்டியலுக்கு அனுப்பும்படி 2025 ஜூலையில் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் டோல்கேட்டுகளுக்குச் சொல்லிவிட்டது.

செல்லுபடியாகும் டேக் இல்லாமல் டோல் பாதையில் நுழைந்தால் ரொக்கத்துக்கு இரண்டு மடங்கு, யு.பி.ஐ.க்கு ஒன்றேகால் மடங்கு கட்ட வேண்டும் என்ற விதி 2025 நவம்பர் 15-இல் வந்தது. நூறு ரூபாய் டோலுக்கு 200 அல்லது 125.

வேலையின் வரிசை

புதிய காரின் டேக்கை முதலில் இயங்கச் செய்யுங்கள். அடுத்து பழைய டேக்கில் தானாகப் பணம் ஏறும் ஏற்பாடுகளை நிறுத்துங்கள். பிறகு வங்கியில் அந்த டேக்கை மூடுங்கள். மூடியது உறுதியான பின் கண்ணாடியிலிருந்து உரியுங்கள். சாவி கொடுப்பது கடைசி.

நடைமுறையில் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: சாவியைக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் கழித்து வங்கியைத் தேடுவார்கள். அந்த ஒரு வாரத்தில் டேக்கில் 800 ரூபாய் இருந்தால் அது வாங்கியவரின் டோல் செலவு.

1. பழைய டேக்கின் ஜாதகத்தை எடுத்துக்கொள்ளுங்கள்

பழைய காரில் உட்கார்ந்து, டேக்கை மொபைலில் தெளிவாகப் படம் எடுங்கள். பார்கோடின் கீழே உள்ள எண் தெரிய வேண்டும். ஆறு இலக்கம், மூன்று இலக்கம், ஏழு இலக்கம் என்று கோடு போட்டுப் பிரித்த எண் அது. உரித்துக் கிழித்த பிறகு வங்கி இந்த எண்ணைக் கேட்டால் கொடுக்க வேறு வழியில்லை.

அடுத்து, ஃபாஸ்டேக் பணப் பரிமாற்றத்தை நடத்தும் தேசியக் கொடுப்பனவுக் கழகமான என்.பி.சி.ஐ.யின் இணையதளத்தில் உள்ள ஃபாஸ்டேக் நிலை பார்க்கும் பக்கத்தில் காரின் பதிவெண்ணைப் போடுங்கள். எந்த வங்கி கொடுத்த டேக், எப்போது கொடுத்தது, இயங்குகிறதா இல்லையா என்று காட்டும். இதை விடக்கூடாது; ஒரே காருக்கு இரண்டு மூன்று டேக் இருந்ததே சிலருக்கு அங்கேதான் தெரிகிறது. ஷோரூமில் ஒன்று ஒட்டியிருப்பார்கள், பிறகு மொபைல் செயலி வழியாக ஒன்று வாங்கியிருப்போம், டோல்கேட் ஓரக் கூடாரத்தில் அவசரத்துக்கு ஒன்று எடுத்திருப்போம். ஒரு வாகனத்துக்கு ஒரே டேக் என்ற விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது பழையவை பெரும்பாலும் முடங்கின. ஆனால் முடங்கிய டேக்கிலும் உங்கள் வைப்புத்தொகையும் மீதிப் பணமும் அப்படியே இருக்கலாம். பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கி டேக் வைத்திருந்தவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 2024 மார்ச் 15-க்குப் பிறகு அதில் பணம் ஏற்ற முடியாது. மூடி மீதியைத் திரும்பப் பெறுவது ஒன்றுதான் வழி.

கூடவே கடைசி மூன்று மாதக் கணக்கு அறிக்கையைப் பதிவிறக்கி வையுங்கள். இரட்டைப் பிடித்தம், வீட்டில் நின்ற காருக்குப் பிடித்தம் போன்ற தகராறுகள் இருந்தால், டேக்கை மூடுவதற்கு முன்பே புகார் கொடுங்கள். மூடிய கணக்கில் பழைய பிடித்தத்தைக் கேட்டு வாங்குவது பெரும்பாடு.

2. புதிய காருக்கு டேக்

இங்கே இரண்டு வழி. உங்கள் பழைய வங்கியிலேயே தொடரலாம், அல்லது ஷோரூம் ஒட்டித் தருவதை ஏற்றுக்கொள்ளலாம்.

பழைய வங்கியில் ஒரே வாடிக்கையாளர் எண்ணின் கீழ் பல வாகனங்களைச் சேர்க்கும் வசதி இருந்தால் அதுவே எளிது. செயலியில் அல்லது இணையதளத்தில் கூடுதல் வாகனம் சேர்க்கும் பகுதிக்குப் போய், புதிய ஆர்.சி.யின் இரு பக்கப் படத்தையும் ஏற்றினால் டேக் வீட்டுக்கு வரும். டோல் பணம் இருக்கும் கணக்கான வாலட் ஒன்றே என்பதால் மீதிப் பணத்தை நகர்த்தும் வேலையே இல்லை. சில வங்கிகள் டேக் ஒவ்வொன்றுக்கும் தனி வாலட் வைக்கின்றன. அங்கே பழையதை மூடி, பணம் வங்கிக் கணக்குக்கு வந்தபின் புதியதில் ஏற்ற வேண்டியதுதான். உங்கள் வங்கி எந்த ரகம் என்பதை வாடிக்கையாளர் சேவையில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். மூடும்போது எதை மூடுவது என்பது இதைப் பொறுத்தது.

‘டேக் மாற்று’ என்று செயலியில் ஒரு வசதி இருக்கும். அதை அழுத்த வேண்டாம். கண்ணாடி உடைந்தாலோ ஸ்டிக்கர் பழுதானாலோ அதே காருக்கு வேறு ஸ்டிக்கர் தருவதற்கானது அது. புதிய காருக்காக அதை அழுத்தினால், விற்கப்போகும் காரின் எண்ணிலேயே இன்னொரு ஸ்டிக்கர் தபாலில் வந்து சேரும்.

ஷோரூம் வழி பெரும்பாலும் நீங்கள் கேட்காமலேயே வந்துவிடும். 2017 டிசம்பர் முதல் விற்கப்படும் புதிய நான்கு சக்கர வாகனங்களுக்கு டேக் பொருத்தித் தருவது தயாரிப்பாளர் அல்லது டீலரின் பொறுப்பு. ஆகவே டெலிவரி எடுக்கும் அன்று மூன்றைச் சரிபாருங்கள்.

மொபைல் எண் யாருடையது? விற்பனைப் பிரதிநிதியின் எண்ணைப் போட்டு டேக்கை இயக்கிவிடும் பழக்கம் உண்டு. அப்படியானால் ஓ.டி.பி. அவருக்குப் போகும், நீங்கள் செயலிக்குள்ளேயே நுழைய முடியாது. ஷோரூமை விட்டுக் கிளம்பும் முன் உங்கள் எண்ணுக்கு எஸ்.எம்.எஸ். வந்ததா என்று பாருங்கள்.

எந்த எண்ணில் பதிவு? நிரந்தரப் பதிவெண் கிடைக்கும் முன் டேக் ஒட்டினால் சேஸிஸ் எண்ணில் பதிந்திருப்பார்கள். பதிவெண் வந்ததும் ஆர்.சி.யை ஏற்றி அதை மாற்ற வேண்டியது உங்கள் வேலை. வாகனம் வாங்கிய 90 நாளுக்குள் இது நடக்காவிட்டால் டேக் முடக்கப்படும்; அதன்பின் இன்னும் 30 நாள் அவகாசம்; அதற்கும் பதில் இல்லையென்றால் கறுப்புப் பட்டியல். பதிவெண் ஏற்கெனவே வந்துவிட்டதென்றால் நேரடியாக அதிலேயே இயக்கச் சொல்லுங்கள், ஒரு வேலை மிச்சம்.

எவ்வளவு வாங்கினார்கள்? டேக் வழங்கும் கட்டணம் அதிகபட்சம் 100 ரூபாய். மற்றதெல்லாம் திரும்பி வரக்கூடிய வைப்புத்தொகையும், டோலுக்குச் செலவாகும் முன்பணமும். பில்லில் ‘ஃபாஸ்டேக் 600’ என்று ஒரே வரியில் இருந்தால் பிரித்துக் கேளுங்கள். பிறகு செயலியில் அந்த முன்பணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஷோரூம் டேக் இயங்கிக்கொண்டிருக்கும்போதே உங்கள் பழைய வங்கியிலும் அதே காருக்கு விண்ணப்பித்தால் ஒரு காருக்கு இரண்டு டேக் என்ற சிக்கலில் விழுவீர்கள். ஷோரூம் கொடுத்ததைப் பயன்படுத்திக்கொண்டு பழைய வங்கிப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வதே எங்கள் பரிந்துரை. டேக் எந்த வங்கியுடையதானாலும் டோல்கேட்டில் ஒரே மாதிரிதான் திறக்கும்.

புதிய கார் மனைவி அல்லது அப்பா பெயரில் என்றால், டேக்கும் அவர் பெயரில், அவர் கே.ஒய்.சி. ஆவணத்தில்தான் எடுக்க வேண்டும். உங்கள் பெயரிலுள்ள வாலட்டில் அந்த காரைச் சேர்ப்பது பின்னால் சரிபார்ப்பில் இடிக்கும். கார், ஜீப், வேன்களுக்குப் புதிதாகத் தரும் டேக்குகளில் 2026 பிப்ரவரி 1 முதல் கே.ஒய்.வி. என்ற வாகனச் சரிபார்ப்பு கிடையாது. அதற்குப் பதிலாக, டேக்கை இயக்கும் முன்பே வங்கி, அரசின் வாகனப் பதிவுத் தரவுத்தளமான ‘வாகன்’-இல் விவரங்களைச் சரிபார்க்க வேண்டும். அதனால் ஆர்.சி.யில் சேஸிஸ் எண்ணோ பெயரோ தவறாக ஏறியிருந்தால் டேக் கிடைப்பதே தாமதமாகும். ஆர்.சி. கைக்கு வந்ததும் எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள்.

3. பழைய டேக்குக்குப் பணம் போகும் வழிகளை அடைத்துவிடுங்கள்

தானாகப் பணம் ஏறும் ஏற்பாடு மூன்று இடத்தில் ஒளிந்திருக்கலாம்: வங்கியின் ஃபாஸ்டேக் செயலியில், யு.பி.ஐ. ஆட்டோபேயில், கிரெடிட் கார்டின் நிலையான உத்தரவில். மூன்றையும் திறந்து பார்த்து ரத்து செய்யுங்கள்.

பலர் மறக்கும் நான்காவது இடமும் ஒன்று உண்டு. யு.பி.ஐ. செயலிகளில் ரீசார்ஜ் பகுதியில் பழைய காரின் எண் சேமிக்கப்பட்டிருக்கும். கார் விற்ற பிறகு, டோல்கேட் வரிசையில் நின்றுகொண்டு அவசரத்தில் மேலே தெரியும் முதல் எண்ணைத் தட்டி 500 ரூபாய் போட்டுவிடுவார்கள். பழைய டேக் இன்னும் மூடப்படாமல் இருந்தால் அந்தப் பணம் வேறொருவர் ஓட்டும் காருக்கு. சேமித்த எண்ணை இப்போதே நீக்கிவிடுங்கள்.

மீதிப் பணத்தைச் செலவழித்துத் தீர்க்க வேண்டும் என்று அலைய வேண்டாம். கார்களுக்குக் குறைந்தபட்ச இருப்பு வைக்கும் கட்டாயத்தை நெடுஞ்சாலை ஆணையம் 2021-லேயே நீக்கிவிட்டது. இருப்பு போதாதபோது டோல் வைப்புத்தொகையிலிருந்து எடுக்கப்படும். ஆகவே கணக்கைச் சுழியத்துக்குக் கொண்டுபோய் மூடினால் வைப்புத்தொகை குறைந்து வருவதைப் பார்த்து வங்கியோடு சண்டை போட நேரும். கொஞ்சம் இருப்போடு மூடுவது கணக்குப் பார்க்கவும் எளிது.

4. வங்கியில் மூடுதல்

செயலியிலோ இணையதளத்திலோ சேவைக் கோரிக்கைப் பகுதியில் டேக்கை மூடும் வசதி இருக்கும். இல்லையென்றால் டேக்கின் பின்னட்டையிலோ செயலியிலோ உள்ள வங்கியின் ஃபாஸ்டேக் உதவி எண்ணை அழையுங்கள். 1033 என்பது நெடுஞ்சாலை ஆணையத்தின் பொது உதவி எண். டோல்கேட் புகார்களுக்கு அது சரி, ஆனால் டேக்கை மூடும் அதிகாரம் வழங்கிய வங்கியிடம்தான்.

ஒரே வாலட்டில் இரண்டு கார்கள் இருந்தால் மிகக் கவனம் தேவை. மூட வேண்டியது பழைய காரின் டேக்கை மட்டும். கணக்கையே மூடச் சொல்லிவிட்டால் நேற்று ஒட்டிய புதிய டேக்கும் சேர்ந்து போய்விடும். பதிவெண், டேக் எண் இரண்டையும் எழுதிக் கொடுத்து, ‘இந்த டேக் மட்டும்’ என்று குறிப்பிடுங்கள்.

காரணம் கேட்பார்கள், வாகனம் விற்கப்பட்டது என்று சொல்லுங்கள். விற்பனை ஆவணம் கேட்கும் வங்கியும் உண்டு. உரிமை மாற்றத்தை ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கும் படிவம் 29-இன் நகலோ டெலிவரி ரசீதோ போதும். பணம் திரும்ப வர வேண்டிய வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும். கோரிக்கை எண்ணை எழுதி வையுங்கள். மூடல் அன்றைக்கே நடந்தாலும் பணம் வர சில வேலை நாட்கள் ஆகும்.

மூடியாயிற்று என்று வங்கி சொன்னால் மட்டும் போதாது. முதலில் பார்த்த என்.பி.சி.ஐ. பக்கத்தில் மறுபடி பதிவெண்ணைப் போட்டு, டேக் இயக்கத்தில் இல்லை என்பதை உறுதி செய்து, அந்தத் திரையைப் படமெடுத்து வையுங்கள். அந்தப் படத்தை வாங்குபவருக்கும் அனுப்பினால் அவருக்கு உபகாரம். பழைய டேக் உயிரோடு இருக்கும்வரை, அந்தப் பதிவெண்ணில் அவர் புதிய டேக் கேட்டால் ‘இந்த வாகனத்துக்கு ஏற்கெனவே டேக் உள்ளது’ என்று வங்கி நிறுத்திவிடும். அப்போது அவர் உங்களைத்தான் தேடி வருவார்.

வாங்குபவர் திடீரென்று இன்றே வண்டி வேண்டும் என்று நிற்கிறாரா? மூடல் முடியாவிட்டாலும் செயலியில் டேக்கைத் தற்காலிகமாக முடக்கும் வசதி இருந்தால் அதைச் செய்யுங்கள். இல்லையென்றால் ஸ்டிக்கரை உரித்து, அழித்துவிட்டு வண்டியைக் கொடுங்கள். மூடலை அதன்பின் முடித்துக்கொள்ளலாம். உங்கள் டேக்கிலேயே அவர் ஊர்வரை போகட்டும் என்று பெருந்தன்மை காட்டுவதில் பணம் மட்டும் பிரச்சினை இல்லை. எந்த டோல்கேட்டில் எத்தனை மணிக்குக் கார் போனது என்பது உங்கள் பெயரில் பதிவாகும்.

பழைய கார் வாங்கும் நிறுவனத்திடமோ ஷோரூமிலோ எக்ஸ்சேஞ்சில் விடுபவர்களுக்கும் இதே கதைதான். ‘நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் சார்’ என்பார்கள். கணக்கு உங்கள் பெயரில் இருக்கும்போது அவர்களால் மூட முடியாது. வண்டியை ஒப்படைத்த தேதி, நேரம், ஓடோமீட்டர் அளவு மூன்றும் எழுதிய ரசீதை வாங்குங்கள். மோட்டார் வாகனச் சட்டப்படி, மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் நீங்கள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். டோல் தகராறு வந்தாலும் அந்தக் காகிதம்தான் கைகொடுக்கும்.

5. உரித்தல்

தேவையானவை: ஹேர் டிரையர், பழைய ஏ.டி.எம். கார்டு அல்லது பிளாஸ்டிக் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் அல்லது நீலகிரித் தைலம், இரண்டு மெல்லிய துணி.

வெயிலில் நின்ற காரில் பசை தானே இளகியிருக்கும், அதனால் மதியம் செய்தால் பாதி வேலை மிச்சம். நிழலில் செய்வதென்றால் ஹேர் டிரையரை மிதமான சூட்டில், ஒரு சாண் தள்ளி வைத்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் அசைத்தபடி ஒரு நிமிடம் காட்டுங்கள். ஏ.சி. ஓடிக் குளிர்ந்த கண்ணாடியில் திடீரென்று சூடு காட்டக் கூடாது. ஏற்கெனவே கல்பட்ட சிறு விரிசல் இருந்தால் அது நீண்டுவிடும். ஒரு மூலையைக் கார்டால் கிளப்பி, கண்ணாடியை ஒட்டியே மெதுவாகப் பின்னோக்கி இழுங்கள். நேராகப் பிடுங்கினால் மேல் தாள் மட்டும் கையோடு வரும். பசையும் ஆன்டெனாவும் கண்ணாடியில் தங்கிவிடும்.

மிஞ்சிய பசையில் தைலம் நனைத்த துணியை இரண்டு மூன்று நிமிடம் ஒற்றி வைத்துத் துடையுங்கள். தைலம் எண்ணெய்ப் பிசுக்கு விடும், கடைசியாக ஆல்கஹாலால் ஒருமுறை துடைத்தால் போய்விடும். பெட்ரோல், தின்னர் வேண்டாம். கீழே சொட்டினால் டேஷ்போர்டு பிளாஸ்டிக் வெளிறும். பிளேடு வெறும் கண்ணாடியில் பரவாயில்லை. உள்பக்கம் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியில் பிளேடு வைத்தால் கீறல் நிரந்தரம்.

உரித்த டேக்கின் நடுவில் சிப் தெரியும். அதன் குறுக்கே கத்தரித்துப் போடுங்கள்.

உரிக்கும்போது பக்கத்தில் வேறொரு ஸ்டிக்கர் இருக்கலாம், அதைத் தொட வேண்டாம். 2019 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த கார்களில் உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட்டோடு சேர்த்துக் கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டப்படும் ஹோலோகிராம் ஸ்டிக்கர் அது. பெட்ரோல், சி.என்.ஜி.க்கு இளநீலம், டீசலுக்கு ஆரஞ்சு. சட்டப்படி அது காரின் மூன்றாவது பதிவுப் பலகை, அதனால் காரோடுதான் போக வேண்டும். சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று அதையும் சுரண்டிவிட்டால் வாங்கியவர் திரும்ப விண்ணப்பித்து அலைய வேண்டும்.

அபார்ட்மென்ட், அலுவலக பார்க்கிங் ஸ்டிக்கர்கள் அப்படியல்ல. அவற்றை உரித்தே ஆக வேண்டும். இல்லையென்றால் வாங்கியவருக்கு உங்கள் குடியிருப்பு கேட் தானே திறக்கும். கிழிந்த துண்டை எறியாமல் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். பல இடங்களில் அதைக் காட்டினால்தான் புதிய காருக்கு ஸ்டிக்கர் தருவார்கள். கேட்டில் ரீடர் வைத்துள்ள குடியிருப்புகளில் பழைய எண்ணைப் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லவும் வேண்டும்.

6. புதிய டேக்கை ஒட்டுதல்

இடம்: முன் கண்ணாடியின் உள்பக்கம், மேல் நடுவில், ரியர் வியூ கண்ணாடிக்குப் பின்னால். புதிய கார்களில் அதே இடத்தில் மழை சென்சாரும் டிரைவர் உதவி கேமராவும் இருக்கின்றன. கேமராவின் பார்வையை மறைக்காமல், அதன் பெட்டியிலிருந்து சற்று விலகி, டிரைவர் அல்லாத பக்கமாக ஒட்டுங்கள்.

வெப்பம் தடுக்கும் உலோகப் பூச்சுள்ள கண்ணாடி என்றால் அலை உள்ளே வராது. டேக் நன்றாக இருந்தும் எல்லா டோல்கேட்டிலும் ரீடர் திணறினால் முதல் சந்தேகம் இதுதான். அத்தகைய கண்ணாடிகளில் பூச்சில்லாத சிறு பகுதியை விட்டிருப்பார்கள். பெரும்பாலும் ரியர் வியூ கண்ணாடிக்கு அருகே கறுப்புப் புள்ளிகள் நிறைந்த இடம் அது. கார் கையேட்டில் படம் இருக்கும், அங்கேதான் ஒட்ட வேண்டும். உலோகம் கலந்த சன் ஃபிலிமும் இதே தொல்லை கொடுக்கும்.

கண்ணாடியை ஆல்கஹாலால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். டேக்கை மடிக்காமல் பின்தாளை உரித்து, எழுத்துகள் வெளியிலிருந்து நேராகப் படிக்கும்படி, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரமாக அழுத்துங்கள். காற்றுக் குமிழி இருந்தால் விரலால் ஓரத்துக்குத் தள்ளுங்கள். ஒருமுறை வைத்தபின் நகர்த்தக் கூடாது. கோணலாக இருந்தாலும் விட்டுவிடுங்கள், வேலை செய்யும். பழைய காரின் டேக்கை ஞாபகார்த்தமாகப் பக்கத்தில் ஒட்டி வைப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு டேக் அருகருகே இருந்தால் எதை வேண்டுமானாலும் ரீடர் படிக்கும். முடக்கிய டேக்கைப் படித்துவிட்டால் தடுப்பு ஏறாது.

நம்பர் பிளேட்டும் டேக்கும் தெரிய, காரின் முன்பக்கத்தை ஒரு படம் எடுத்து வையுங்கள். புகார் ஏதும் வந்து வங்கி வாகனச் சரிபார்ப்பு கேட்டால் அதையும் ஆர்.சி.யையும் ஏற்றினால் போதும்.

வருடாந்திர பாஸ் வைத்திருந்தால்

பண நஷ்டம் அதிகம் வருவது இங்கேதான். 2025 ஆகஸ்ட் 15-இல் 3,000 ரூபாய்க்கு அறிமுகமான ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ், தனிப்பயன் கார், ஜீப், வேன்களுக்கு மட்டும் உரியது. ஒரு வருடம் அல்லது 200 பயணம், எது முதலில் முடிகிறதோ அதுவரை. அந்த விலையில் ஒரு பயணத்துக்கு 15 ரூபாய் கணக்கு. ஆனால் இது அந்த டேக்குக்கும் அந்தப் பதிவெண்ணுக்கும் மட்டுமே. வேறு காருக்கு மாற்ற முடியாது, மிச்சப் பயணங்களுக்குப் பணமும் திரும்பாது. அந்த டேக்கை வேறு காரில் பயன்படுத்தினால் பாஸ் முடக்கப்படும்.

ஆகவே நாலு மாதத்தில் காரை மாற்றும் எண்ணம் இருந்தால், அதற்குள் எத்தனை டோல்கேட் கடப்பீர்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரண டோல்கேட்டில் போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு பயணம் கழியும். ஒரு டோலுக்குச் சராசரியாக 75 ரூபாய் கொடுப்பவருக்கு 40 பயணத்தில் அறிமுக விலையான 3,000 திரும்பிவிடும். சென்னையிலிருந்து மதுரைக்கு மாதாமாதம் போய்வருபவர் அதை எளிதில் தாண்டிவிடுவார். தீபாவளி, பொங்கலுக்கு மட்டும் ஊருக்குப் போகிறவர், புதிய கார் வரும்வரை பாஸ் எடுக்காமல் இருப்பது நல்லது.

பாஸில் நிறையப் பயணம் மிச்சம், காரை விற்கும் தேதி நம் கையில் என்றால், விடுமுறைப் பயணங்களை முடித்துவிட்டு விற்பதைத் தவிர வேறு தந்திரம் இல்லை.

புதிய காருக்குப் பாஸ் எடுக்க டேக் பதிவெண்ணில் இருக்க வேண்டும். சேஸிஸ் எண்ணில் மட்டும் பதிந்த டேக்குக்குப் பாஸ் தரமாட்டார்கள். ராஜ்மார்க்யாத்ரா செயலியிலோ நெடுஞ்சாலை ஆணைய இணையதளத்திலோ தனியாகப் பணம் கட்ட வேண்டும். வாலட்டில் உள்ள பணம் இதற்குப் பயன்படாது. வழக்கமாக இரண்டு மணி நேரத்துக்குள் இயங்கத் தொடங்கும். அதனால் டோல்கேட் வரிசையில் நின்றுகொண்டு எடுக்கிற சமாசாரம் அல்ல. மாநில அரசுச் சாலைகளில் பாஸ் செல்லாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் உத்தண்டி சாவடியைக் கடக்கும்போது வாலட்டிலிருந்துதான் பணம் போகும், அதற்காக எப்போதும் கொஞ்சம் இருப்பு வைத்திருங்கள்.

டோல்கேட்டிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்கள் வைத்திருக்கும் உள்ளூர் மாதப் பாஸும் காரின் எண்ணோடு கட்டியதே. புதிய ஆர்.சி., அந்த முகவரிக்கான சான்று இரண்டையும் எடுத்துக்கொண்டு அதே சாவடி அலுவலகத்துக்குப் போக வேண்டும். மாதக் கடைசியில் காரை மாற்றினால் ஒரு மாதக் கட்டணம் வீணாகாது.

எங்கே சிக்கல் வரும்

விற்ற பிறகும் பிடித்தம் வருகிறது: முதலில் எஸ்.எம்.எஸ்.ஸில் உள்ள நேரத்தைப் பாருங்கள். டோல்கேட்டுகள் சில சமயம் பழைய கடப்புகளைத் தாமதமாக அனுப்பும். கடந்த நேரம் வேறு, பிடித்த நேரம் வேறு. நீங்கள் ஓட்டிய நாளுக்கானது என்றால் சரியான பிடித்தமே. விற்ற தேதிக்குப் பிந்தைய கடப்பு என்றால் டெலிவரி ரசீதோடு வங்கியில் புகார் கொடுங்கள்.

புதிய டேக் நிலைப் பக்கத்தில் இயக்கத்தில் உள்ளது, டோல்கேட்டில் கறுப்புப் பட்டியல் என்கிறார்கள்: இருப்பு தீர்ந்து, வரிசையில் நிற்கும்போது பணம் ஏற்றியிருப்பீர்கள். பட்டியல் புதுப்பிக்கச் சற்று நேரம் பிடிக்கும். கிளம்பும் முன் வீட்டிலேயே ஏற்றிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

காருக்குப் பதில் சின்ன சரக்கு வண்டி வாங்கியிருக்கிறீர்கள்: வகை மாறலாம். ஷோரூம் தவறிப்போய்க் கார் வகையில் டேக் போட்டிருந்தால் டோல்கேட்டின் தானியங்கிக் கருவி வித்தியாசத்தைப் பிடித்துவிடும். வகையைத் திருத்தும்வரை டேக் முடங்கும். டெலிவரி அன்றே செயலியில் வாகன வகையைப் பாருங்கள்.

கார் அதேதான், பதிவெண் மட்டும் மாறியது: தமிழ்நாட்டுக் காரைக் கர்நாடகாவுக்குக் கொண்டுபோய் மறுபதிவு செய்தவர்களுக்கு வரும் கேள்வி. சேஸிஸ் மாறாததால் ஸ்டிக்கரை உரிக்க அவசரப்பட வேண்டாம். புதிய ஆர்.சி.யோடு முதலில் வங்கியை அணுகி, அதே டேக்கில் எண்ணைத் திருத்தித் தருவார்களா என்று கேளுங்கள். முடியாது என்றால் மட்டும் மூடிவிட்டுப் புதியது எடுங்கள்.

அப்பா காரை மகன் பெயருக்கு மாற்றினாலும் டேக் தானாக மாறாது. கே.ஒய்.சி. அப்பாவுடையது. ஆர்.சி. மகன் பெயரில் வந்த அன்றே அப்பாவின் டேக்கை மூடி, மகன் தன் ஆவணங்களோடு புதிதாக எடுக்க வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டும் இடம் அதேதான் என்பதால் பழைய பசையை முழுதாக எடுத்தபிறகே புதியதை ஒட்டுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டினால் கோடை வெயிலில் இரண்டும் சேர்ந்து கழன்று விழும்.